பாவுக்குக் காய்ச்சிய கஞ்சி

போர்க்காலத்தில் அம்மாபேட்டையில் அரிசி அரிதாகியிருந்தது. தறியில் ஏற்றும் பாவு நூலைத் தெருவில் நீட்டி, அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடும் நாட்களில், நெசவுப் பெண்கள் கைக்குழந்தைகளை என் அம்மாவிடம் விட்டுப் போவார்கள்.

அன்று ஐந்து குழந்தைகள். உச்சிப்பொழுதில், நான் ஆட்டிய தூளியில் கிடந்த குழந்தைக்கு அழவும் குரல் வரவில்லை. வீட்டில் இருந்தது, அதன் தாய் தன் பாவுக்காக எங்கள் அடுப்பில் காய்ச்சி வைத்த அரைச் சட்டிக் கஞ்சிதான். அம்மா அதை ஐந்து வாய்க்கும் ஊட்டிவிட்டாள்.

சற்று நேரத்தில் அந்தத் தாய் வந்தாள். "அக்கா, பாவு நீட்டியாச்சுங்க. கஞ்சி எங்கீங்க?"

"உன்ற புள்ளைக்குக் கண்ணு சொருகிருச்சு சாமி. ஊத்திட்டேன்."

"கஞ்சி இல்லாம நூலு அறுந்தா கூலி வராதுங்க. நாளைக்கு இதுக்கு என்னத்தை ஊத்துவேன்?"

அந்தப் பெண் சட்டியில் தண்ணீர் ஊற்றி, விரலால் சுரண்டி அலசினாள். அந்தக் கழுநீரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நீட்டியிருந்த பாவுக்கு ஓடினாள்.