காதால் தேர்ந்தெடுத்த மென்பொருள்

வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் தாயோடு இருக்கிறாள் வினோதா. வயது முப்பத்து நான்கு. பள்ளிக்கூடம் முடித்து, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றபோது கண்ணில் அழுத்த நோய் வந்தது. முதலில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது, பிறகு ஓரங்கள் இருண்டன. கடைசியில் எல்லாமே போயிற்று. கடையில் பழகிய சிங்களம் மட்டும் கூடவே ஊருக்கு வந்தது. அந்தச் சிங்களம்தான் இன்று அவளுக்குத் தொழில்.

தோட்டத்துக் கிளினிக்குகளில் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களை அட்டனில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் சிங்களத்தில் வாங்கித் தமிழாக்குகிறது. தமிழாக்குவது வினோதா. அவர்கள் பாவித்து ஒதுக்கிய கணினி ஒன்றை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. எழுத்தை அழுத்தினால் எழுத்தைச் சொல்லும், வரியில் நின்றால் வரியை வாசிக்கும். கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மா மீனம்மா அந்தக் குரலுக்கு ‘உள்ளுக்கு இருக்கறவ’ என்று பெயர் வைத்திருந்தாள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நீரிழிவு பற்றிய பிரசுரம் ஒன்று கையில் இருந்தபோது, கணினி இழுத்தடிக்கத் தொடங்கியது. வினோதா ஒரு சொல்லை முழுதாக அடித்து முடித்த பிறகே அதன் முதல் எழுத்து காதில் விழுந்தது. பார்வை உள்ளவர்களுக்கு அது வெறும் எரிச்சல். அவளுக்கோ எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். ஒரு நாள், தான் எழுதிய ஒரு பந்தியைத் தெரியாமல் இரண்டு தடவை அழித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“உள்ளுக்கு இருக்கறவளுக்கு வயசாயிருச்சா?” என்று கேட்டாள் மீனம்மா.

“குப்ப சேந்திருச்சும்மா. கூட்டணும்.”

இணையத்தில் தேடியதும் முதலில் வந்த இலவச மென்பொருளை வினோதா இறக்கினாள். ஒரே நிமிடத்தில் கணினியைப் புதிதாக்கித் தருவதாக அது சொன்னது. ஆனால் அது தனியாக வரவில்லை, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து கணினியைத் திறந்தாலே “உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது” என்ற அறிவிப்பு பிரசுரத்தின் நடுவே குறுக்கிட்டது. சரிசெய்யவேண்டுமானால் காசு கட்டு என்றது. குரல் முன்னைவிட மெதுவாகி, சில வேளை பாதிச் சொல்லில் நின்றுபோனது.

பக்கத்து வீட்டு நல்லமுத்துவின் ஆட்டோவில் கணினியை ஏற்றி, தாயும் மகளும் அட்டனுக்குப் போனார்கள். கணினி திருத்தும் கடைக்காரர் பொறுமையான மனிதர். திறந்து பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டா நல்லா ஓடும் தங்கச்சி. ஆனா அந்தப் பேசுற சாமான எப்படித் திரும்பப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாம கை வச்சா ஒங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காக அவருக்கு வினோதா இன்றும் நன்றி சொல்கிறாள். அவர் இன்னொன்றும் சொன்னார். “பயங்காட்டுற மென்பொருள நம்பாதீங்க. ஆபத்து ஆபத்துன்னு கத்துறது எல்லாம் ஏமாத்து. மொதல்ல அதுங்கள வெளிய எடுங்க.” பார்த்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வினோதா மதுரா டீச்சரை அழைத்தாள். மதுரா யாழ்ப்பாணத்துக்காரி. அட்டனில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், வட்டவளையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவளுடைய பரீட்சை வினாத்தாள்களை அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து கொடுக்கப்போய், இரண்டு பேரும் சினேகிதிகளானவர்கள்.

சனிக்கிழமை காலை, சேறு ஒட்டிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு மதுரா வந்தாள். வேண்டாத விருந்தாளிகள் மூன்றையும் முதலில் வெளியேற்றினார்கள். பிறகு நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார்கள். ஏற்கெனவே பலர் பாவித்து நல்லது என்று எழுதியிருந்தவற்றில் இரண்டை, செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே மதுரா இறக்கினாள்.

“முதலாவது நல்ல வடிவாக் கிடக்கு வினோதா. பச்சை நிறத்தில பெரிய வட்டம். ஒருக்கா அமத்தினாப் போதும், எல்லாம் தானே செய்யுமாம்.”

“நான் ஒருக்கா கேட்டுப் பாக்குறேன் டீச்சர்.”

வினோதா விசைப்பலகையில் ஒவ்வொன்றாக நகர்ந்தாள். “பொத்தான்,” என்றது குரல். “பொத்தான். பொத்தான்.” எந்தப் பொத்தான், எதற்கு என்று ஒன்றுமில்லை. படமாக மட்டும் வரைந்து பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

மதுரா திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். “எனக்கு எல்லாம் விளங்குது. உங்களுக்கு ஒண்டுமே சொல்லேல்ல, என்ன?” என்றாள்.

“இது என்னத்த அழிக்கப் போகுதுன்னும் சொல்லல. மத்ததப் பாப்போம்.”

இரண்டாவது, பார்க்க ஒன்றுமில்லை என்றாள் மதுரா. சாம்பல் நிறத்தில் வெறும் பட்டியல். ஆனால் குரல் ஒவ்வொரு வரியையும் தெளிவாக வாசித்தது. தற்காலிகக் கோப்புகள், டிக் போட்டிருக்கிறது. பழைய படப்பிரதிகள், டிக் போட்டிருக்கிறது. எவ்வளவு இடம் மிச்சமாகும் என்பதையும் சொன்னது. எதையும் அழிக்கும் முன்னே கேட்டது. வினோதாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்த மதுரா, முதலாவதை அழித்துவிட்டாள்.

வினோதா பட்டியலில் வரி வரியாக இறங்கினாள். மதுரா அவசரப்படுத்தவில்லை. கடைசிக்கு முந்திய வரியில் குரல் சொன்னது: “தரவிறக்கங்கள் கோப்புறை. டிக் போட்டிருக்கிறது.”

வினோதாவின் விரல் நின்றது.

அந்தக் கோப்புறையில்தான் அம்மாவின் கொழுந்துக் கூட்டாளிகளுடைய குரல்கள் இருந்தன. பிரசுரத்தில் ‘பாதங்களில் உணர்விழப்பு’ என்று எழுதினால் மலையில் யாருக்கும் விளங்காது. அதனால் தேநீர் நேரத்தில் மீனம்மா தன் தொலைபேசியை நீட்டி, “ஒங்களுக்கு காலு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று கேட்டுப் பதிந்து அனுப்புவாள். ‘எறும்பு ஊர்ற மாதிரி’, ‘வெறச்சுப் போயி மரக்கட்ட மாதிரி’, ‘செருப்பு கழண்டாலும் தெரியாது’ என்றெல்லாம் பெண்கள் சொல்லியிருந்தார்கள். தொலைபேசியில் இடம் போதாமல் மீனம்மா அவற்றை அப்போதைக்கப்போதே அழித்துவிட்டிருந்தாள். இருந்தது இந்த ஒரு பிரதிதான்.

“டீச்சர், இது போயிருந்தா நான் அந்தப் பொம்பளைங்ககிட்ட என்னான்னு சொல்லுவேன்?”

“பச்சை வட்டத்தை அமத்தியிருந்தா என்ன நடந்திருக்குமோ தெரியாது,” என்றாள் மதுரா. தன் கைப்பையில் இருந்த பென்டிரைவை எடுத்து, அத்தனை குரல்களையும் முதலில் அதில் போட்டாள். “இது உங்களிட்டயே இருக்கட்டும்.”

டிக்கை எடுத்துவிட்டு மற்றதைச் சுத்தம் செய்தார்கள். கணினி திறந்தவுடன் தானாகவே எழும்பி ஓடும் தேவையற்றவற்றையும் அதே மென்பொருள் காட்டியது. அவற்றையும் நிறுத்தினார்கள். கணினியை மூடித் திறந்ததும் வினோதா ‘அ’ என்று அடித்தாள். விரல் எழும் முன்னே குரல் வந்தது. அடித்தாள், வந்தது. இன்னும் வேகமாக அடித்தாள், கூடவே ஓடி வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுப்படியில் இருந்த மீனம்மா எட்டிப் பார்த்து, “இன்னைக்கு இவ தூங்கி வழியாம பேசுறாளே. டீச்சருக்கு ரொட்டி சுடுறேன், சாப்பிட்டுத்தான் போகணும்” என்றாள்.

பிரசுரம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அடுத்த கிளினிக்கில் மருத்துவிச்சி அதை உரக்க வாசித்தபோது, செருப்பு கழன்றாலும் தெரியாது என்ற இடத்தில் ஒரு பெண் எழுந்து, தனக்கும் அப்படித்தான் என்றாளாம். அவள் காலின் அடியில் ஒரு புண் இருந்தது. அவளுக்கே தெரியாது. நேரத்தோடு மருந்து கட்டியதால் கால் தப்பியது. மீனம்மாதான் இந்தச் செய்தியை மலையிலிருந்து கொண்டு வந்தாள்.

அன்று மாலை வினோதா, அந்தச் சாம்பல் நிற மென்பொருளைச் செய்தவருக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினாள். எங்கேயோ தூர தேசத்தில் தனியாக இருந்து அதைச் செய்து இலவசமாகக் கொடுப்பவர் அவர். தான் கண் தெரியாதவள் என்றும், அழிக்கும் முன்னே கேட்டதற்கு நன்றி என்றும் எழுதினாள். அந்தப் பெண்ணின் கால் தப்பியதைப் பற்றியும் எழுதினாள்.

நாலைந்து நாளில் பதில் வந்தது. தன் மென்பொருளைப் பார்வையற்றவர்களும் பாவிப்பது தனக்குத் தெரியாது என்று அவர் எழுதியிருந்தார். அந்தத் தோட்டத்துப் பெண்ணின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தார். இனிப் புதிதாகச் செய்வதை வெளியிடும் முன் அவளுக்கு அனுப்பினால், காதால் கேட்டுப் பிழை சொல்வாளா என்றும் கேட்டிருந்தார்.

வினோதா அதை முதலில் மதுராவுக்குத் தொலைபேசியிலும், பிறகு அம்மாவுக்குத் தமிழிலும் வாசித்துக் காட்டினாள். மீனம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலு ஆறிருச்சுன்னு மொதல்ல அதச் சொல்லு,” என்றாள்.

வினோதா முதல் வரியாக அதைத்தான் எழுதினாள்.