பொட்டு வைத்த மெஷின்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கிள்ளானில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை செய்கிறேன். இன்று காலை ஒரு பெட்டி கை நழுவி விழுந்து வாய் பிளந்துவிட்டது. உள்ளே புது ரேடியோ. சூட்டு ஈயமும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் என்னை அப்படியே பெட்டாலிங் ஜெயாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அங்கே ஒரு ஜப்பான்காரர் பெக்டரியில் ரேடியோ செய்தோம். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவனுக்குக் காலில் ஷூ, தலைக்கு மேல் ஏர்கோன். முதல் வாரம் குளிரில் பற்கள் தந்தியடித்தன. கப்பலேறி வந்த கம்பெனிதான் எனக்குச் சோறு போட்டது, அதை மறைக்க மாட்டேன். மகள் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். இப்போது அவள் மெல்பர்னில். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். பேரன் ஒருநாள் என்னைத் தேடி அந்தப் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தானாம். சிரித்தேன். பிறகு நானும் என் போனைத் திருப்பிப் பார்த்தேன்.

அது கிடக்கட்டும். எனக்கும் லெட்சுமி அக்காவுக்கும் ஈயம் பற்றவைக்கும் மெஷினில் வேலை. அக்காதான் எங்கள் லைனுக்குத் தலைவி. வாய் அதிகம். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தே நான் பல வருடம் ஓட்டிவிட்டேன். ஆயுத பூசைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டுவார். ஜப்பான் மேனேஜரும் வந்து இடுப்பை வளைத்துக் கும்பிடுவார்.

"பாஸுக்கு இன்னும் கொஞ்சம் சுண்டல் குடு லா. அப்பதான் ஓவர்டைம் குடுப்பாரு," என்பார் அக்கா.

பிறகு கம்பெனி வியட்நாமுக்குப் போகிறது என்று பேச்சு வந்தது.

"மெஷின நல்லா வெச்சிருப்போம்டா. நல்லா ஓடுற எடத்த விட்டு எவன் போவான்?" என்றார் அக்கா.

நம்பினோம். சாப்பாட்டு நேரத்திலும் எண்ணெய் போட்டோம். அந்த வருடப் பூசையில் ஒரு தேங்காய் கூடுதலாக உடைத்தோம்.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். பக்கத்து லைன் மெஷின் பழுது, வேண்டாம் என்றார்கள். எங்களுடையதைத் தட்டிப் பார்த்து, கப்பலில் ஏற்றலாம் என்று சீட்டு ஒட்டினார்கள். பலகைப் பெட்டிக்குள் அடைத்துக் கொடுக்க வேண்டியதும் நாங்கள்தான்.

"கும்பிட்டது நல்லா பலிச்சிருச்சு. ஒடச்சுப் போட்டிருந்தா நம்மகூடவே கெடந்திருக்கும் லா," என்று சிரித்தார் அக்கா.

பெட்டியை மூடுமுன் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தார். மேனேஜர் வந்தார். சாமான் சுத்தமாகப் போக வேண்டும் என்று சொல்லித் தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்தார். வருடா வருடம் கும்பிட்ட அதே மனிதர். அக்கா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பின்னால் நின்ற எனக்கு அக்காவின் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

பெக்டரி இருந்த இடத்தில் இப்போது கொண்டோ, பணக்காரர்களின் அடுக்குமாடி. அக்கா ரவாங்கில் மகன் வீட்டில் இறந்துபோனார். எனக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்தது.

கிழிந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வியட்நாமில் செய்ததுதான். டேப் ஒட்டி அனுப்பிவிட்டேன். கிடங்கில் இன்றும் வேலை. எந்த மெஷினிலும் பொட்டு இல்லை. வைக்க எனக்கும் கை வரவில்லை.

கிள்ளான்,
ஆயுத பூசை நாள்.