எதிர்மனுதாரர் வீட்டு ஜெபக்கூட்டம்

சபையின் அன்பானவர்களுக்கு, வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். சாட்சி சொல்கிறவர்கள் தங்கள் நோயையும் கடனையும் சொல்வார்கள். நான் என் ஜெபத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழிலாளர் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளம் கிடைக்காதவர்கள் எந்த மனுவை, எந்தப் பிரிவின்கீழ், எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. ஓய்வுக்குப் பிறகு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி வைத்திருக்கும் நம் சபைத் தம்பி ஜெபராஜ் என்னைக் கூப்பிட்டான். கணக்கும் லைசென்ஸும் பார்க்க ஆள் வேண்டுமாம். நியமன உத்தரவு கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பர்? ஒரே சபைதான" என்றான். ஊருக்கெல்லாம் பேப்பர் கேட்டு வாங்கச் சொன்னவன், சரி என்று தலையாட்டினேன். மேசைமேல் வைக்க 'மேலாளர்' என்று ஒரு பெயர்ப்பலகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசி ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை. சரக்கு எடுத்த வியாபாரிகள் பணம் தரவில்லை என்றான். ஒரு நாள் பேச்சு முற்றி வேலையை விட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை.

என் பென்ஷன், மூத்த மகனின் கடைக்காக வாங்கிய கடனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இளையவள் செல்வி மதுரையில் நர்சிங் கடைசி வருடம் படித்தாள். அவள் ஃபீஸுக்கு இந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தேன். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். அவள் போனில் அழவில்லை. "பரவால்லப்பா, அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொரு நோட்டீஸ். அதற்கும் இல்லை. பிறகு மனு எழுதி எடுத்துக்கொண்டு, நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கே போனேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட முருகன் இப்போது அங்கே அதிகாரி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க சார். யாருக்கு மனு? நீங்க எதுக்கு அலையுதீங்க, அவியள வரச் சொன்னா போதாதா?"

"எனக்குத்தாம்பா."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தான். படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "சார், மேனேஜர்னு போட்டிருக்கீங்க. மேனேஜர் தொழிலாளி கணக்குல வர மாட்டாருன்னு நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இனி சிவில் கோர்ட்தான். அங்கே தீர்ப்பு வரும்போது செல்வியே ஓய்வு பெற்றிருப்பாள்.

அன்று முதல் தினமும் காலையில் முழங்காலில் நின்றேன். அதை ஜெபம் என்று சொல்ல முடியாது. அதுவும் மனுதான். மனுதாரர் அடியேன், எதிர்மனுதாரர் ஜெபராஜ், கோரும் பரிகாரம் இன்னது. என்ன பரிகாரம் கேட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. அவன் கம்பெனி பூட்டிக் கிடக்க வேண்டும், பாகு காய்ச்சும் அடுப்பு அணைய வேண்டும், அவன் குடும்பம் என் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டேன். அங்கே பாக்கெட் போடும் பெண்களுக்கு அப்புறம் கூலி எங்கிருந்து வரும் என்று, அடுத்தவர் கூலிக்காகவே ஆயுளைக் கழித்த இந்த அதிகாரிக்குத் தோன்றவில்லை.

நம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வீட்டுக்கு வீடு முறை வைத்து நடப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் ஜெபராஜ் வீட்டு முறை வந்தது. நான் வரவில்லை என்றேன்.

"ஜெபத்துக்குக் கூப்பிட்டா போகணும். அவன் வீட்டு டீயக் குடிக்க வேண்டாம், போதுமா?" என்றாள் என் மனைவி கிரேஸ்.

பாட்டும் வசனமும் முடிந்து ஜெபக்குறிப்பு கேட்டார்கள். ஒருவருக்கு மூட்டு வலி. ஒருவர் மகனுக்கு விசா. பெண்கள் பக்கத்திலிருந்து கிரேஸின் குரல் வந்தது. தடுக்க எனக்குக் கை எட்டவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு வேலை பாத்த சம்பளம் வரலை. செல்வி பரீட்சை எழுத முடியாம நிக்கா. குடுக்க வேண்டியவருக்கு ஆண்டவர் மனசையும் குடுக்கணும், பணத்தையும் குடுக்கணும்."

எனக்கு முகம் எரிந்தது. நோட்டீஸ் அனுப்பிய மிடுக்கெல்லாம் போய், மகளுக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாத தகப்பனாக எல்லார் முன்பும் உட்கார்ந்திருந்தேன். விவரம் தெரியாத சாமுவேல் அண்ணாச்சி வேறு விடவில்லை.

"யாரும்மா அவன்? பேரச் சொன்னாத்தான ஜெபிக்க முடியும்?"

"ஆண்டவருக்கு விலாசம் தெரியும் அண்ணாச்சி" என்றாள் கிரேஸ்.

குறிப்புகளுக்காக ஜெபிக்க வேண்டியது, வழக்கப்படி, அந்த வீட்டுக்காரர். ஜெபராஜ் முழங்காலிட்டான். மூட்டு வலிக்கு நன்றாகவே ஜெபித்தான். விசாவுக்கும் குறையில்லை. எங்கள் குறிப்பு வந்தபோது, "ஆண்டவரே, அந்த முதலாளி..." என்று நிறுத்தினான். மறுபடியும் "அந்த முதலாளி..." என்றான். அதற்குமேல் குரல் வரவில்லை. கிரேஸே ஜெபித்து முடித்து வைத்தாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவன் திணறியதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஜெபராஜின் மனைவி மெர்சி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளிர் குழுவில் தான் சேர்த்து வைத்திருந்த பணத்தை என் கையில் கொடுத்தாள். செல்வியின் ஃபீஸுக்கு அது போதும்.

"மொதல்ல பிள்ளைக்குக் கட்டுங்க அண்ணாச்சி. மிச்சத்த அவிய மாசாமாசம் தந்துருவாவ. நேத்து கூட்டம் முடிஞ்சப்புறந்தான் எங்கிட்ட சம்பள பாக்கியப் பத்திச் சொன்னாவ." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "உடம்பு இப்பம் தேவலையா?"

"உடம்புக்கு என்னம்மா?"

"உங்களுக்கு உடம்புக்கு முடியலை, அதான் வேலைய விட்டுட்டீங்கன்னு அவிய சொல்லியிருந்தாவ. நானும் பிள்ளைகளும் தினம் குடும்ப ஜெபத்துல உங்க பேரச் சொல்லித்தான் ஜெபிச்சோம். உங்க பேரச் சொல்லாம சோத்துல கை வச்சதில்ல."

"நல்லாத்தான் இருக்கேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் வீட்டுப் பிழைப்பு அழிய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், அவள் என் சுகத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டும் ஒரே தேவ சமூகத்துக்குத்தான் போயிருக்கின்றன. என் மனுவை அவர் தள்ளுபடி செய்தார். என் முதல் ஸ்தோத்திரம் அதற்குத்தான். ஏற்றிருந்தால், என் மகளுக்கு உதவி வந்த வீட்டையே நான் அடைத்திருப்பேன்.

செல்வி பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஜெபராஜ் நடுவில் ஒரு மாதம் தவறினாலும் முழுவதையும் கொடுத்துத் தீர்த்தான். நாங்கள் பழையபடி சிரித்துப் பழகுகிறோம் என்றால் பொய். பேசிக்கொள்கிறோம். என் ஜெபத்திலும் இப்போது பரிகாரத்தை நான் குறித்துக் கொடுப்பதில்லை. இன்னது குறைவாக இருக்கிறது ஆண்டவரே என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பழக்கம் விடாமல் சில நாள் சட்டப்பிரிவு எண் வாயில் வந்துவிடுகிறது. அவர் பொறுத்துக்கொள்கிறார்.

உழைத்த கூலி நின்றுபோய்த் தவிக்கிறவர்கள் உங்களில் இருந்தால், மனு கொடுங்கள். அது உங்கள் உரிமை. எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன். அதோடு உங்கள் தேவையை ஆண்டவரிடம் சொல்லுங்கள். என்னைப் போல வெட்கப்பட்டு ஒளிக்காமல் சபையிலும் சொல்லுங்கள். யாரைக் கொண்டு உதவ வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

மெர்சி, நீயும் இதை வாசிப்பாய். உங்கள் வீட்டுக்கு நான் என்ன கேட்டேன் என்பதை அன்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடு தங்கச்சி. உங்கள் குடும்ப ஜெபத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடாதே.