அல்சாஸ் கோட்டையில் நான் சொன்ன பொய்

மழையில் ஊறிய கல்லின் குளிர்ந்த மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சுவிஸின் பாசல் நகரிலிருந்து எல்லை தாண்டி, பிரான்சின் அல்சாஸ் மலையொன்றில் நிற்கும் பழைய கோட்டைக்கு எங்கள் ஐந்தாம் வகுப்பை பஸ்ஸில் கூட்டிப்போயிருந்தார்கள். துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டுமென்று ஆசிரியை கடிதம் அனுப்பியதும், ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த அப்பா என்னைக் கேட்காமலே லீவு எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மகிழ்ந்திருக்க வேண்டிய நான், அவருடைய உடைந்த ஜெர்மன் யார் காதிலும் விழக்கூடாதே என்று இரண்டு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தேன்.

கோட்டை முற்றத்தில், பாறையைக் குடைந்து வெட்டிய மழைநீர்த் தொட்டியருகே வழிகாட்டி எங்களை நிறுத்தினார். எதிரிகள் மாதக்கணக்கில் சுற்றி வளைத்திருந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு கிண்ணமாகத் தண்ணீரை அளந்து குடித்ததை அவர் விவரிக்க, பின்னால் நின்ற அப்பா பிள்ளைகளை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

"பிள்ளை, இவருக்குச் சொல்லு. ஊரிலை சண்டை நடக்கேக்கை, குண்டுக்குப் பயந்து 'பங்கரு'க்குள்ளை ஒளிச்சிருந்து நாங்களும் இப்பிடித்தான் அளந்து குடிச்சனாங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒண்டு தன்ரை பங்கை எனக்குத் தந்தவள்," என்றவர், அவளுடைய பெயரையும் சொன்னார்.

வகுப்பே என்னைப் பார்த்தது. உன் அப்பா என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி கேட்டார். டொய்லெட் எங்கே என்று கேட்கிறார், என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த ஒரு சொல் அப்பாவுக்கு விளங்காமலா இருக்கும்? என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, என்னைப் பொய்க்காரி ஆக்க மனமில்லாமல், வழிகாட்டி கைகாட்டிய பக்கம் நடந்துபோய், ஈரக் கைகளைத் துடைத்தபடி திரும்பி வந்தார். வீட்டில் அம்மாவிடம், நல்லாய்ப் பொழுது போனது என்று மட்டும் சொன்னார். அதன்பின் பள்ளிக்கூடப் பயணம் எதற்கும் அவர் வரவில்லை.

போன மாதம், இத்தனை வருடங்களுக்குப் பிறகு, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சின்னப் பிள்ளைதானே நீ," என்றார்.

தண்ணீர் தந்தவளின் பெயரைக் கேட்டேன்.

"பேர் வருகுதில்லை, பிள்ளை."

அவளை அறிந்தவர்கள் இப்போது எவருமில்லை. அன்று அந்தப் பெயர் என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. மற்றவர்களுக்குக் கேட்டுவிடுமோ என்ற பதற்றத்தில் நான்தான் அதை மனதில் வாங்காமல் விட்டேன்.