செத்தவீட்டில் சொன்ன 'போட்டு வாறன்'

போன வெள்ளிக்கிழமை நெடுந்தீவிலிருந்து புறப்பட வேண்டிய லோஞ்ச் நேரம் பிந்தித்தான் புறப்பட்டது. கடல் காரணமில்லை. எஞ்சினும் காரணமில்லை. ஒரு வெள்ளைக்காரச் சுவாமியார் இரண்டு சொற்களைச் சொல்லத் தயங்கினார். அவ்வளவுதான்.

என்ன சொற்கள் என்று கேட்பீர்கள். முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மாட்டின் சுவாமி பெல்ஜியத்துக்காரர். முப்பது வயதுகூட ஆகவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னர் நெடுந்தீவுக்கு உதவிக் குருவாக வந்தவர். கோயில் வாசற்படியில் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். வெயில் பட்டால் அவித்த இறாலின் நிறம். நெடுந்தீவு என் மனைவியின் ஊர். ஆகவே லீவில் போகும் போதெல்லாம் சுவாமியாரின் முன்னேற்றத்தைக் கவனித்து வந்திருக்கிறேன். பத்திரிகைக்காரனின் கண்ணுக்கு லீவு கிடையாதே!

கடல் கடந்து வேதம் போதிக்க வருகிற ஓர் இளைஞருக்கு என்னென்ன கஷ்டங்கள் இருக்கும்? உவர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி? முருகைக்கல் ரோட்டில் சைக்கிள்? ஒடியல் கூழுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நண்டுக் கால்? இவை எல்லாவற்றையும் மாட்டின் சுவாமி சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார். கூழை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தார் என்று சாட்சி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அவரை விழுத்தியது அவருடைய நல்ல பழக்கம்.

வந்த புதிதில் ஒரு வீட்டிலிருந்து எழும்பும்போது "நான் போகிறேன்" என்றாராம். வீட்டுக்காரி பதறிவிட்டாள். "ஐயோ சுவாமி, அப்பிடிச் சொல்லப்படாது! போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ."

போய்விட்டு வருகிறேன் என்பதன் ஊர்ப் பேச்சு அது. சுவாமி நல்ல மாணவர். பத்துக் கட்டளைகளோடு அதையும் பதினோராவதாகச் சேர்த்துக்கொண்டார். தபாற்கந்தோரில் முத்திரை வாங்கினாலும் "போட்டு வாறன்". கடையில் நெருப்புப்பெட்டி வாங்கினாலும் "போட்டு வாறன்". வேலியோரம் கட்டியிருந்த மாட்டுக்கும் சொன்னார் என்பது மட்டும் ஊர்ப் பகிடி; நான் பார்க்கவில்லை.

அப்படியிருக்கையில்தான் என் மனைவியின் உறவுக்காரர் ஒருவர் காலமானார். நானும் போயிருந்தேன்.

செத்தவீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவரை 'வாங்கோ' என்பதில்லை. போகிறவரும் சொல்லிக்கொள்வதில்லை. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நடக்க வேண்டியதுதான். சாவு நடந்த வீட்டில் நின்று 'திரும்பி வருகிறேன்' என்றால்... எதற்கு வருவதாம்?

இந்த விதிவிலக்கை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்குத் தோன்றும்?

அடக்கம் முடிந்து, வீட்டில் செபமும் முடிந்தது. சுவாமி எழுந்தார். ஒருவரையும் விடவில்லை. விதவையிடம் "போட்டு வாறன்". பிள்ளைகளிடம் "போட்டு வாறன்". பந்தலில் ஒரு கிழவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மூலையில் கதிரையில் இருந்தார் சூசைப்பிள்ளை அப்பு - இறந்தவரின் தமையன், எண்பதைத் தாண்டியவர். சுவாமி குனிந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணைப் பார்த்தார். அன்பு ததும்பச் சொன்னார்:

"போட்டு வாறன், அப்பு. கட்டாயம் வருவன்."

மறுநாள் அப்பு பாயில் படுத்துவிட்டார். சோறு வேண்டாம். கஞ்சி வேண்டாம். சுருட்டும் வேண்டாம் என்றதும்தான் வீட்டார் பயந்தார்கள்.

மகள் மாகிறேற், உபதேசியாரிடம் ஓடி வந்தாள். கோயில் அலுவல்களில் சுவாமிக்கு வலது கை இந்த உபதேசியார். அன்று நானும் அவரோடு, சுவாமி தங்கும் குருமனை விறாந்தையில் இருந்தேன்.

"அண்ணை, அப்பு ஒண்டும் வாயிலை வைக்கிறாரில்லை. தம்பியை அனுப்பிப்போட்டு சுவாமி அடுத்ததா என்ரை கையையெல்லோ பிடிச்சவர் எண்டு சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார்."

உபதேசியார் சுவாமிக்கு விஷயத்தை விளக்கினார். சுவாமி இறால் நிறத்தையும் தாண்டிச் சிவந்தார். "நான் இப்பொழுதே சென்று மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சைக்கிளில் ஏறினார்.

உபதேசியார் பாய்ந்து கரியரைப் பிடித்தார். "எங்கை போறியள் சுவாமி? நீங்கள் அந்தப் படலைக்குள்ளை காலை வைச்சால், வாறன் எண்டு சொன்னவர் வந்திட்டார் எண்டுதான் கிழவன் நினைக்கும். அதோடை சரி!"

போனால் ஆபத்து. போகாவிட்டால் கிழவர் பட்டினி. இதற்கு எந்தக் குருமடத்தில் பாடம் நடத்துகிறார்கள்?

"ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் இதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டார் சுவாமி.

"பேசுங்கோ. எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவினம். படலை திறக்க மாட்டினம்."

அது உண்மையாகவும் இருந்தது. அந்த வாரம் சுவாமியின் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பினால் படலைகள் சாத்திக்கொண்டன. வீடு வீடாகப் போவதற்கென்றே வந்தவருக்குப் போக ஒரு வீடு இல்லை. இரவில் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிடுகிறார் என்றான் குசினிக்காரன். ஒரு தீவில் இரண்டு பேர் பட்டினி - ஒருவருக்கு மற்றவரைப் பார்க்கப் பயம். மற்றவருக்குப் பார்க்க வழியில்லை.

ஞாயிறு பூசை முடிந்த நேரம். அதுவரை கோயில் மதிலோரம் நின்ற ஒரு மாட்டுவண்டில் குருமனை வாசலில் வந்து நின்றது. வெளுத்த வேட்டி, மடித்த சால்வை, கையில் பொல்லு... சூசைப்பிள்ளை அப்பு!

சுவாமி வாயைத் திறந்தார், மூடினார். 'வாங்கோ' சொல்லலாமா, கூடாதா? உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தலையசைத்த பிறகுதான் அந்தச் சொல் வெளியே வந்தது.

"வாறன் எண்டனீங்கள்," என்றார் அப்பு, கதிரையில் சாய்ந்துகொண்டு. "வயசுபோனவன், பாத்துக்கொண்டு கிடக்க ஏலாது. அதுதான் நீங்கள் வர முந்தி நானே வந்திட்டன்."

சுவாமி தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அப்பு முழுவதையும் குடித்தார். "பிரசங்கம் பறவாயில்லை. தேத்தண்ணிதான் இன்னும் பழக வேணும்" என்றார். பிறகு எழுந்து, சுவாமியின் இரண்டு கைகளையும் பிடித்தார். கண்ணைப் பார்த்தார்.

"போட்டு வாறன், சுவாமி. கட்டாயம் வருவன்."

வண்டிலில் ஏறும்போது உபதேசியாரிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது: "இது நல்ல வீடுதானே? நல்ல வீட்டிலை வாறன் எண்டு சொன்னவன் வராமல் சாக ஏலுமே?"

மறுநாள் படலைகள் திறந்தன. அப்பு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். தேத்தண்ணியைக் குறை சொன்னார். 'போட்டு வாறன்' சொல்லிப் போனார். மூன்று வருடம்!

இப்போது சுவாமியின் விசாவை நீடிக்க மறுத்துவிட்டார்கள். காரணம் கொழும்புக்கு வெளிச்சம். திரும்பி வர வழியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை இறங்குதுறையில் பெருங்கூட்டம். சுவாமி எல்லோரையும் ஆசீர்வதித்தார். குழந்தைகளின் தலையைத் தடவினார். அந்த இரண்டு சொற்களை மட்டும் சொல்லவில்லை. "வர மாட்டேன் என்று தெரிந்துகொண்டு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? அது பொய்யல்லவா?" என்று உபதேசியாரிடம் கேட்டாராம். பேசாமல் லோஞ்சில் ஏறினார்.

முன்வரிசையில் பொல்லை ஊன்றி நின்ற அப்புவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சுவாமி, வாய் திறக்காமல் ஏறுறியள்? இதென்ன செத்தவீடே?"

கூட்டம் சிரித்தது.

சுவாமி லோஞ்சிலிருந்து இறங்கினார். குனிந்தார். அப்புவின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"போட்டு வாறன், அப்பு."

"கட்டாயமோ?"

லோஞ்ச்காரன் ஹோர்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். சுவாமி அப்புவின் கைகளை விடவில்லை.

"கட்டாயம்."

அது பொய்யா இல்லையா என்பதை அவருடைய மேலிடம் தீர்மானிக்கட்டும். அவர் வரும் வரைக்கும் சூசைப்பிள்ளை அப்பு சாக ஏலாது!