பதினோரு மாத போர்ஷன்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் கட்டியபோது, ஜன்னலை வேப்பமரத்துப் பக்கம் வைக்கச் சொன்னவள் நான். அது எனக்கும் என் கணவருக்கும் என்றுதான் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து கூடத்தில் ஒரு புடவையைத் தடுப்பாகக் கட்டி, அந்தப் பக்கம் மாமனார் குறட்டை, இந்தப் பக்கம் எங்கள் இல்லறம்.

கட்டி முடித்ததும் மாமனாருக்கு ஞானம் பிறந்தது. போட்ட பணத்தை வாடகையில் எடுத்துவிட்டு எங்களுக்குத் தருவாராம். சானடோரியத்தில் காசநோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வாரக்கணக்கில் இடம் தேடுகிறார்கள், அவர்களுக்கு விடலாமே என்றார் மாமியார். மாமனாருக்கு இருமல் சத்தம் கேட்டாலே குலை நடுங்கும்.

"ஒரே ஆள், பதினோரு மாசம், அக்ரிமெண்ட். மூளை இருக்கறவன் அதைத்தான் செய்வான்" என்றார்.

அந்த மூளை ஓர் அரசாங்க குமாஸ்தாவைக் குடிவைத்தது. பதினோரு மாதம் முடிந்தது. "டிரான்ஸ்பர் வந்ததும் போயிடுவேன் சார்" என்றார் குமாஸ்தா. மூன்று வருஷமாக அது வந்துகொண்டே இருந்தது. கோர்ட்டுக்குப் போனால் சட்டம் குடியிருப்பவர் பக்கம். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

ஆனால் குமாஸ்தா சொந்தங்களைத் தாங்குகிற மனுஷர். பின்தெரு வாசல் வழியாக வாரம் ஒரு சித்தப்பா வருவார், அடுத்த வாரம் ஓர் அத்தை. "என்ன பாசம் பாரு" என்று மாமனார் உருகுவார். அத்தனை பேரும் சானடோரியத்துக்கு வந்தவர்கள், ஓர் அறையைக் குமாஸ்தா வார வாடகைக்கு விடுகிறார் என்பது, கிணற்றடியில் ஓர் 'அத்தை' சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வயிறு எரிந்தது. இருந்தும் அடுத்த வாரம் அறை காலியா என்றுதான் குமாஸ்தாவிடம் கேட்டேன். வேளாங்கண்ணிக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நானும் என் கணவரும் பெட்டியோடு தெருவைச் சுற்றி வந்து பின்வாசலில் நுழைந்தோம்.

மறுநாள் ஒன்றாம் தேதி. வாடகை வாங்க மாமனார் வந்துவிட்டார். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"யாரு வந்திருக்காங்க?"

"தூரத்துச் சொந்தம் சார். சின்னஞ்சிறுசுங்க."

"ரொம்ப நாள் தங்கவிடாதீங்க. அப்புறம் கிளப்பவே முடியாது. அனுபவத்துல சொல்றேன்."

என் கணவர் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டு வைத்த ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வியாழக்கிழமை காலி செய்ய வேண்டும். அடுத்த சித்தப்பா அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.