திட்டு வாங்காத சாமி

சுமலதாவுக்கு நாலு பேர் எதிரில் பேச்சு வராது. எட்டாவதோடு படிப்பை விட்டவள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறாள். யார் கோபத்தில் பாதிச் சோற்றோடு எழுந்து போனார்கள், யாருக்கு வயிறு சரியில்லை என்பதைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆனால் சொல்ல மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு மனிதனை நாசமாக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒன்பது மாதமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அவன் பெயர் சந்திரமோகன். முன்பு இன்வெர்ட்டர் பேட்டரி விற்றவன். இப்போது புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் பெரிய தகரக் கொட்டகை போட்டு ‘ஒளிச்சபை’ நடத்துகிறான். வருகிறவர்களுக்கெல்லாம் அவன் அய்யா.

சுமலதாவின் புருசன் பரசுராமன் அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். சர்க்கரை வியாதிக்கு இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்வான். கூட வேலை செய்தவர்கள் அவனைச் சபைக்கு அழைத்துப் போனார்கள். “ஊசிய நிறுத்து. நாப்பது நாள் என் தண்ணிய குடி, ஒளி உள்ள வரும்” என்றான் சந்திரமோகன். பரசுராமன் நிறுத்தினான். பன்னிரண்டாம் நாள், நைட் ஷிஃப்ட் முடித்து அவன் பகலில் தூங்கும்போது, சுமலதா திருட்டுத்தனமாக ஒரு ஊசி போட்டாள். அதை மகள் நந்தினி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டாள். அப்பாவோடு சபைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் அவள்.

பத்தொன்பதாம் நாள் பரசுராமன் வாந்தி எடுத்து மயங்கினான். ஆட்டோ வந்தது. சபைக்காரர்கள் வாசலில் கை கோத்து நின்று, “அய்யா வார்த்தைய மீறாதீங்க” என்று மறித்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு ஏற்றிப் போவதற்குள் வழியிலேயே உயிர் போய்விட்டது.

சாவுக்கு வந்த சந்திரமோகன் பிணத்தின் தலைமாட்டில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். “நடுவுல ஒரு ஊசி ஏறிச்சு. அதான் இவன கொன்னுடுச்சு. போட்ட கை எதுன்னு அதுக்குத் தெரியும்.”

அன்றைக்கே நந்தினி சபையில் போய்த் தங்கிவிட்டாள்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. அய்யாவைச் சந்தேகப்பட்டவர் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் பார்க்கக் கூடாது. பத்தொன்பது வயது நந்தினியும் அதே கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தாள். சுமலதா ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். இறங்கும்வரை அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டே சுமலதா வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டி மருந்துக்கடையில் மாஸ்க் போட்ட ஆள் ஒருவன் ஐஸ் வைத்த பையில் எதையோ வாங்கினான். அது சந்திரமோகன் என்று நடையை வைத்தே சுமலதா அடையாளம் கண்டுகொண்டாள். அவன் கையில் இருந்தது இன்சுலின், பரசுராமன் போட்டுக்கொண்ட அதே மருந்து. போனில் படம் பிடித்தாள். கடைக்காரனிடம் பேச அவன் மாஸ்க்கை இறக்கிய நொடியில் முகமும் தெளிவாக விழுந்தது. இனி அவன் தொலைந்தான் என்று அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் சபைக்காரி கிறிஸ்டினாவின் மடியில் போனைப் போட்டாள். கிறிஸ்டினா முகத்தைத் திருப்பியபடியே ஓரக்கண்ணால் படத்தைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சபையில் பதில் தயாராகிவிட்டது. “நம்ம நோய எல்லாம் அய்யா தன் ஒடம்புல வாங்கிக்கினாரு. அதான் ஊசி போட்டுக்கினு கீறாரு, பாவம்.” அந்த வாரம் புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். வருகிற பௌர்ணமிக்கு நந்தினிக்குத் தீட்சை என்றும் செய்தி வந்தது. தீட்சை வாங்கியவர்கள் பிறகு வீடு திரும்பியதே இல்லை.

சுமலதா நேராக ஊர்க் கெங்கையம்மன் கோயிலுக்குப் போனாள். உச்சிவெயில். கீழே குனிந்து மண்ணை வாரி அம்மன் மேல் எறிந்தாள்.

“கண்ணு அவிஞ்சிடுச்சாடி உனுக்கு? வருசா வருசம் கூழு ஊத்தினனே, குடிச்சிட்டுத் தூங்கினியா? புருசனையும் குடுத்தேன், பொண்ணையும் குடுக்கணுமா?”

அம்மனின் மூக்குத்தி மண்ணில் மறைந்தது. புடவை அழுக்காயிற்று. பூசாரி ஆதிகேசவன் பக்கத்தில் உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எட்டாவதில் அவளோடு படித்தவன். எழுந்திருக்கவே இல்லை.

“இன்னும் திட்டு பாக்கி கீதா, சுமா? இருந்தா முழுசா திட்டிட்டுப் போ. சாயங்காலம் எப்படியும் நான்தான் கழுவணும், ஒரே வாட்டியா கழுவிடறேன்.”

“அவளுக்குக் கோவம் வராதா?”

“பெரிய ஊட்டு வீரராகவன் போன வருசம் செருப்பையே தூக்கிக் காட்டினாரு. ஆடிக்கு அவரே கூழு அண்டா தூக்கினு வந்தாரு. திட்டினா கோச்சிக்கிற சாமிய வச்சிக்கினு நான் எப்படிப் பொழப்பு நடத்தறது? இந்தா, தண்ணி குடி.”

தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதே சுமலதாவுக்கு வழி தெரிந்துவிட்டது.

பௌர்ணமி அன்று காலை பத்து மணிக்கு, முந்தானையில் மண்ணைக் கட்டிக்கொண்டு ஒளிச்சபைக்குள் நுழைந்தாள். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசை அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பியது. அடுத்த வரிசையும் திருப்பியது. வாசலில் காவல் நின்ற இருவரும் சுவரைப் பார்த்தார்கள். யாரும் பார்க்காததால் யாரும் தடுக்கவில்லை. மேடை வரைக்கும் நடந்தே போய்விட்டாள். அங்கே சந்திரமோகன் வெள்ளை வேட்டியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தலை குனிந்து நந்தினி.

முதல் பிடி அவன் மார்பில் விழுந்தது. கண்ணைத் திறந்தான், சிரித்தான்.

“நீ சாமின்னா வாங்கிக்கோ” என்றாள் சுமலதா. ஒன்பது மாதத்துக் குரல் தகரக் கூரையில் மோதியது. “என் புருசன தின்னவனே!”

இரண்டாவது பிடி தாடியில் விழுந்தது. சிரிப்பு போயிற்று. மூன்றாவது வாய்க்குள் போனது. சந்திரமோகன் துப்பிக்கொண்டு துள்ளி எழுந்தான்.

“எவன்டா இந்த நாய உள்ள வுட்டது? மெதிங்கடா!” என்று கத்தி, தானே அவளை அறைந்தான். கீழே விழுந்தவளை எட்டி உதைத்தான். வாயில் வந்த வசவுகள் பேட்டரிக் கடையில் பாக்கிக்காரனைத் திட்டுகிற வசவுகள்.

திருப்பியிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக மேடைப் பக்கம் திரும்பிவிட்டன.

சுமலதா உதட்டு ரத்தத்தோடு சிரித்தாள். வலியிலும் அது இனித்தது. “எங்க கெங்கையம்மா ஒரு கூடை வாங்கினா, அசையல. மூணு பிடிக்கே இந்த ஆட்டமா? ஊரு நோவ எல்லாம் வாங்கிக்கிறவனுக்கு ஒரு பொம்பள கை மண்ணு தாங்கலியா?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். சந்திரமோகன் அந்தப் பக்கம் முறைத்தான். எல்லோரும் எழுந்து போய்விடவில்லை. ஏழெட்டுக் குடும்பம் எழுந்தது. மற்றவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பலர் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

நந்தினி மேடையிலிருந்து இறங்கி அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். இருவரும் நெடுஞ்சாலைக்கு வந்தார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“ஊசி போட்டத நான்தாம்மா அவர்கிட்ட சொல்லிக் குடுத்தேன்.”

“தெரியும்டி.”

“தெரிஞ்சும் ஏம்மா...”

“உன்னியும் திட்டணும், நெறையக் கீது. ஊட்டுக்கு வா, பொறுமையா வச்சிக்கிறேன்.”

நந்தினி அழுதுகொண்டே துப்பட்டாவால் ரத்தத்தைத் துடைக்க வந்தாள். சுமலதா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“தொடைக்காத. இப்படியே போலீஸ் ஸ்டேசனுக்குப் போறோம். உங்கப்பனுக்கு அந்தப் பத்தொம்போது நாள்ல இன்னா நடந்துச்சுன்னு நீ சொல்ற, ஒண்ணு விடாம.”

ஷேர் ஆட்டோ வந்தது. மகளை முதலில் ஏற்றிவிட்டு, அவள் இறங்க முடியாதபடி ஓரத்தில் சுமலதா உட்கார்ந்தாள்.